பாக்டீரியா கடிகாரம் பார்த்துப் பிளப்பதில்லை

“ஓர் ஈ.கோலை பாக்டீரியா சரியாக 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும், 10 மணி நேரத்தில் 107,37,41,824 ஆகிவிடும்” என்று கடைசி இலக்கம் வரை கணக்குச் சொல்லும் தகவல் ஒன்று சுற்றிவருகிறது. தவறு. 20 நிமிடம் என்பது 37 டிகிரி செல்சியஸில், சத்தான வளர்ப்புக் கரைசலில் கிடைக்கும் சராசரி மட்டுமே. உணவு தீர்ந்தால் அதுவும் இல்லை.

செல்லுக்குச் செல் நேரம் முன்பின் ஆகும். திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து நேரங்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு, 4 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிளவு அடுத்ததைப் பாதிக்காவிட்டால், விலகல் தலைமுறை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு பெருகும்: 9 தலைமுறையில் 12 நிமிடம், 25இல் 20 நிமிடம். ஒரே கணத்தில் தொடங்கிய கூட்டத்தின் ஒத்திசைவும் அதற்குள் கலைந்துவிடும். எல்லாம் ஒன்றாகப் பிளந்தால் படிக்கட்டாக ஏற வேண்டிய எண்ணிக்கை வரைபடம் வழவழப்பான வளைகோடாகும்.

“அப்படியானால் அடுக்குக்குறிப் பரவலைப் போடு” என்பது இதற்கு வரும் வழக்கமான பதில். குறுகிய நேரங்கள் அதிகமாகவும் நீண்டவை குறைவாகவும் வரும் கணித மாதிரி அது. இங்கே அது இன்னும் மோசம். அந்தப் பரவலில் பிறந்த கணத்தில்தான் பிளவு வாய்ப்பு அடர்த்தி உச்சம்; செல் வளரவே நேரமில்லை! கூட்டம் முழுவதும் இரண்டு மடங்காக எடுக்கும் இரட்டிப்பு நேரமும் 13.9 நிமிடமாகச் சரியும்.

1948இல் புள்ளியியலாளர் டேவிட் கெண்டல் ஒரு பிளவுக்கு ஆகும் நேரத்தைப் பல கட்டங்களாகப் பிரித்தார். தலா சராசரி 0.8 நிமிடமுள்ள 25 கட்டங்களை அடுத்தடுத்து வைத்தால் சராசரி 20, விலக்கம் 4. இவை கணக்குக்கான கட்டங்கள். செல்லுக்குள் தேடினால் கிடைக்காது. இப்போது இரட்டிப்பு நேரம் 19.7 நிமிடம். சராசரியைவிடக் குறைவதற்குக் காரணம், முந்திப் பிளந்தவற்றின் வாரிசுகள் கூட்டத்தில் கூடுதலாகச் சேர்வதுதான்.