உள்ளங்கால் எரிச்சலுக்கு எந்தப் புத்தகம்?

செவிலியர் படிப்பை முடித்து மாவட்ட மனநலத் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கை ஒருத்தி, "முதல் சம்பளத்தில் டிஎஸ்எம்-5 வாங்கிவிடட்டுமா அக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் அந்த நூல் நோய்களை வகைப்படுத்துகிறது. ஒன்பது அறிகுறிகளில் ஐந்து, இரண்டு வாரம் நீடித்தால் மனச்சோர்வு என்பது போன்ற அளவுகோல்கள் அதில் உண்டு. சிகிச்சை முறை அதில் இல்லை. ஆராய்ச்சி மாணவர்களுக்கு அது கட்டாயம் தேவை. அவர்களுக்குக் கல்லூரி நூலகம் இருக்கிறது.

எங்கள் முகாமுக்கு ஓர் அம்மா வந்தார். மஞ்சள் பை நிறைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், இரண்டு ஸ்கேன். உள்ளங்கால் எரிகிறது, நெஞ்சு படபடக்கிறது, விடியும்வரை தூக்கமில்லை என்றார். கணவர் இறந்து ஏழு மாதம் என்பதைக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டேதான் சொன்னார். மனம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. நம் ஊரில் பெரும்பாலோர் இப்படித்தான் வருகிறார்கள்.

அவருக்கு எதிரே உட்காரும் செவிலியருக்கு மனநல மருத்துவர் விக்ரம் படேலின் 'வேர் தேர் இஸ் நோ சைக்கியாட்ரிஸ்ட்' (மனநல மருத்துவர் இல்லாத இடத்தில்) என்ற நூல் வேண்டும். 2003-இல் வந்தது, ஷார்லட் ஹன்லனுடன் சேர்ந்து 2018-இல் புதுப்பித்திருக்கிறார். தூக்கம் வராதவர், எப்போதும் களைத்திருப்பவர், உயிரை விட நினைப்பவர் என்று வந்தவரின் குறையிலிருந்தே அது தொடங்குகிறது. என்ன கேட்பது, என்ன செய்வது, எப்போது மேல் மருத்துவமனைக்கு அனுப்புவது என்று நேராகச் சொல்கிறது. நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் புரட்ட முடியும் என்கிற தடித்த பாடநூல்கள் அந்த ஐந்து நிமிடத்தில் உதவுவதில்லை.

கூடவே, உலகச் சுகாதார நிறுவனத்தின் எம்எச்கேப் வழிகாட்டியின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பை இறக்கிக்கொள்ளச் சொன்னேன். மனநல நிபுணர் அல்லாதவர்களுக்காகவே எழுதியது, இலவசம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவள். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று மனநல நூலின் பழைய பதிப்பை வாங்காதீர்கள். மனச்சிதைவை ஐந்து உட்பிரிவுகளாகப் பிரித்த முறையை டிஎஸ்எம் 2013-இலேயே கைவிட்டுவிட்டது. தன்பாலீர்ப்பைக் கோளாறு என்று சொல்வதை அமெரிக்கச் சங்கம் 1973-இல் நிறுத்தியது. அதை இன்னும் நோய் என்று நம்பிப் பிள்ளையை இழுத்து வரும் பெற்றோரை இந்த ஆண்டும் பார்த்தேன். மருந்தளவு நூல் என்றால் இன்னும் மோசம், அதில் பழைய பதிப்பு ஆபத்தே.

தங்கைக்கு என் படேல் பிரதியைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தூக்கமின்மைப் பக்கத்தின் ஓரத்தில் 'வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று முதலில் கேள்' என்று அன்று மாலை பென்சிலால் எழுதிவைத்தது அப்படியே இருக்கிறது.