சலபார்த்தாவைத் தனியாக ஒருவர் வாசிக்க முடியாது

ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பகுதியில் வாழும் பாஸ்க் மக்களின் மரத்தாளக் கருவியான சலபார்த்தாவின் ஒலியைச் சேர்த்து வந்திருக்கும், எல்லோரும் பகிரும் அந்தப் பாடலைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பாஸ்க் மரபும் நவீன இசையும் கைகோத்துவிட்டன என்று பாராட்டுகள் குவிவதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. அதில் கேட்பது சலபார்த்தாவின் மரச்சத்தம், சலபார்த்தா அல்ல. சில வினாடி ஒலித்துண்டை வெட்டி, கணினித் தாளத்தோடு அணுவளவும் பிசகாமல் பொருத்தி, பாடல் முழுக்கச் சுழலவிட்டிருக்கிறார்கள்.

அது இருவர் வாசிக்கும் கருவி. கனத்த மரப்பலகைகளை அதிர்வு அடங்கிவிடாதபடி இரு தாங்கிகளின்மேல் கிடத்தி, ஆளுக்கு இரண்டு தடிகளைச் செங்குத்தாகப் பிடித்து, முனையால் குத்துவார்கள். ஒருவர் தாளத்தை நிலைநிறுத்த, மற்றவர் அதைக் குலைப்பார். தம் முறை வரும்போது இரண்டு முறை தட்டலாம், ஒருமுறை தட்டலாம், தட்டாமலும் விடலாம். அப்படி விட்ட இடத்துக்கு எதிரில் நிற்பவர் என்ன பதில் சொல்கிறார் என்பதில்தான் இசையே இருக்கிறது. சுழலும் துண்டில் யார் யாருக்குப் பதில் சொல்வது?

பாஸ்க் நகரமான பில்பாவோவில் வேலை பார்த்த காலத்தில், ஆஸ்திகர்ராகா என்ற ஊரில் ஆப்பிள் மது வடிக்கும் கூடமொன்றில் இரு பெண்கள் வாசித்ததை மிக அருகில் நின்று கேட்டேன். தடிகளின் முனை அடிபட்டு நார்நாராகப் பிரிந்திருந்தது. வேகம் உச்சத்தை எட்டியபோது மூத்தவர் கையை உயர்த்தி அப்படியே நிறுத்திவிட்டார். இளையவர் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்து, பலகையின் ஓரத்தில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். கூடமே ஆர்ப்பரித்தது.

"மரபைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டச் சொல்கிறாயா?" என்று கேட்பார்கள். இல்லை. 1960களில் மிகச் சில குடும்பங்களிடம் மட்டுமே எஞ்சியிருந்த இந்தக் கலையைக் கற்று, ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் அடக்குமுறைக் காலத்திலேயே 'எஸ் தோக் அமைரு' கலைக்குழுவின் மேடைகளுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆர்ட்சே சகோதரர்கள். அது அன்றைக்குப் புதுமைதான். பிறகு ஒரேகா டிஎக்ஸ் என்ற சலபார்த்தா இரட்டையர் கேப்பா ஹுங்கேராவின் அக்கார்டியன் இசையோடு வாசித்தார்கள்; ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள லாப்லாந்தில் பனிக்கட்டியிலேயே சலபார்த்தா செய்தார்கள். மரம் பனிக்கட்டியாக மாறியபோதும் எதிரெதிரே இருவர் நின்றார்கள். நான் கேட்பது அந்த ஒன்றைத்தான். இரண்டு கலைஞர்களை அழைத்துவரச் செலவாகும் என்கிறார்கள். ஆகட்டும், வெளிநாட்டுப் படப்பிடிப்புக்கும் செலவானதுதானே?

"தமிழனுக்கு பாஸ்க் இசையில் என்ன வேலை?" என்று ஒருவர் எழுதியிருந்ததுதான் என்னை மிகவும் வருத்தியது. அந்த ஊரில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. தடியைக் கையில் கொடுத்து, எதிரில் நிற்பவரைக் கேள், உன் கையைப் பார்க்காதே என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டவனுக்கு இதைச் சொல்லும் உரிமை உண்டு என்று இன்றும் நம்புகிறேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஒலித்துண்டை எங்கோ இருவர் வாசித்திருக்கிறார்கள். பாடலாசிரியர், ஒலிக்கலவை செய்தவர், ஒப்பனைக் கலைஞர் வரை எல்லோர் பெயரும் காணொளியின் கீழே இருக்கிறது. அந்த இருவருடைய பெயர் மட்டும் இல்லை. அவர்கள் யார் என்று அங்கேயே கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.