3,500 கிலோ என்னும் பச்சைப் பொய்

நாலு பேர் உட்காரலாம், நாலு பேர் படுக்கலாம் என்று விளம்பரம் போட்டு விற்கிற வண்டியில், அந்த நாலு பேரும் துணிமணியோடு ஏறிவிட்டால் சட்டப்படி அது சாலையில் ஓடக்கூடாது. ஐரோப்பாவில் மோட்டார்ஹோம் என்ற பெயரில் நடக்கிற இந்த அநியாயத்தை யாராவது தமிழில் உரக்கச் சொல்வார்களா என்று தேடித் தேடிச் சலித்துவிட்டேன். நானே எழுதுகிறேன்.

இந்தக் கோடையில் மியூனிக்கிலிருந்து கிளம்புவதாகத் திட்டம். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் வழியாக இத்தாலியின் டோலமைட்ஸ் மலை, அங்கிருந்து ஸ்டெல்வியோ கணவாய், சுவிட்சர்லாந்தில் ஃபுர்கா, கிரிம்செல் கணவாய்கள், அப்புறம் பிரெஞ்சு ஆல்ப்ஸில் இசெரான், கலிபியே என்று ஏறி இறங்கி மத்தியதரைக் கடலைத் தொட வேண்டும். மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். ஏழு மீட்டர் நீளத்தில் ஒரு வாடகை வண்டி. எந்த ஏரிக்கரையில் நிற்கலாம், எந்தப் பாதையில் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போகலாம் என்று பார்க்க ஆசையாக உட்கார்ந்தவன், இன்றைக்கு மலையைப் பற்றி ஒரு வரி படிக்க நேரமில்லாமல் எடைக்கணக்கும் சுங்கக்கணக்கும் போட்டுக்கொண்டிருக்கிறேன். வயிறு எரிகிறது.

இங்கே கார் ஓட்டும் சாதாரண 'பி' உரிமத்தில் 3,500 கிலோ வரைக்கும்தான் ஓட்டலாம். வெறும் வண்டியின் எடை அல்ல, ஆள், தண்ணீர், டீசல், அரிசி, செருப்பு எல்லாம் சேர்ந்து 3,500. அதைத் தாண்டினால் வாங்க ஆளில்லை என்று தயாரிப்பாளர்களுக்குத் தெரியும். அதனால் வண்டி எவ்வளவு நீண்டாலும், உள்ளே எத்தனை கட்டில் போட்டாலும், காகிதத்தில் மட்டும் 3,500 என்று நிறுத்திவிடுகிறார்கள்.

எனக்குக் கொடுத்த தாளைப் பிரித்துப் பாருங்கள். 'ஓடும் நிலையில் எடை' 3,040 கிலோ. அதில் ஓட்டுநருக்கு 75 கிலோவும், முக்கால்வாசிக்கு மேல் நிரப்பிய டீசலும் அடக்கம். மிச்சம் 460 கிலோ. தாராளமாகத் தெரிகிறது, இல்லையா? இன்னும் மூன்று பேர், தலைக்கு 75 என்று 225 கழியுங்கள். 235. அடுத்து வருவதுதான் கொடுமை. தாளில் போட்ட எடையிலிருந்து உண்மையான வண்டி 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது. 3,040-ல் 5 சதவீதம் 152 கிலோ! வண்டி அந்த அளவுக்குக் கூடுதலாக அமைந்துவிட்டால் மிச்சம் 83. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர். ஆனால் 'பயண அளவு' என்று ஒன்றைச் சொல்லி 20 லிட்டரை மட்டும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். தொட்டியை நிரப்பினால் இன்னும் 80 கிலோ. இப்போது மிச்சம் எவ்வளவு? மூன்று கிலோ. ஒரு குடும்பம் கோடை முழுக்க வாழ மூன்று கிலோ. எங்கள் வீட்டு பிரஷர் குக்கரும் இட்லிப் பாத்திரமும் வைத்தாலே தீர்ந்துவிடும்.

பிள்ளைகள் 75 கிலோ இருக்க மாட்டார்களே என்பீர்கள். சரி, ஓர் அறுபது எழுபது கிலோவைத் திருப்பிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் மாட்டிய வெயில் மறைப்பும், பின்னால் மாட்டிய சைக்கிள் தாங்கியும், கூரை மேல் சூரியத் தகடும் அதைத் தின்றுவிடும். ஆளுக்கொரு மடக்கு நாற்காலி கூட எடுத்துப் போக முடியாது.

விதி எழுதினவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். மோட்டார்ஹோமில் சாமானுக்கு இவ்வளவாவது ஒதுக்கியாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியமே ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது: ஆட்களின் எண்ணிக்கையோடு மீட்டரில் நீளத்தைக் கூட்டி, பத்தால் பெருக்க வேண்டும். நாலு பேர், ஏழு மீட்டர் என்றால் 110 கிலோ. ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கைக்கும் அவர்கள் வைத்த குறைந்தபட்சம் அவ்வளவுதான். அதையும் இந்த 5 சதவீதம் விழுங்கிவிட முடியும்.

வாடகை நிறுவனத்தில் கேட்டேன். வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பார்த்த சீட்டு இருக்கிறதா என்று. "எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள், ஒன்றும் ஆகாது" என்று பதில் வந்தது. ஒன்றும் ஆகாதாம். வழியில் நிறுத்தி எடை போட்டால் அபராதம் ஓட்டுகிறவன் தலையில். அளவுக்கு மேல் இருந்தால் பாரத்தை இறக்கிவிட்டுத்தான் நகர முடியும். சுவிட்சர்லாந்தின் ஒரு சாலையோரத்தில் எதை இறக்குவேன்? பாட்டரியையா, பிள்ளையையா?

அபராதம் கூட இரண்டாவது. ஸ்டெல்வியோ 2,757 மீட்டர் உயரம். அங்கிருந்து டிராஃபோய் வழியாகப் பிராட் ஊருக்கு இறங்கினால் 48 கொண்டை ஊசி வளைவுகள், 1,800 மீட்டருக்கு மேல் இறக்கம். அளவுக்கு மீறிய பாரத்தோடு அப்படி இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போவது கட்டுக்கதை அல்ல, மலைச்சாலை ஓட்டுநர் எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து. பின்னால் உட்கார்ந்திருப்பது என் பிள்ளைகள். விற்பனைக்கு வசதியாக ஒரு எண்ணை எழுதிவிட்டு, அந்த ஆபத்தை என் தலையில் கட்ட இவர்களுக்கு என்ன உரிமை?

அப்படியானால் எடை கூடின வண்டியை எடுக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். 3,500-ஐத் தாண்டினால் சி1 உரிமம் வேண்டும். ஜெர்மனியில் 1999-க்கு முன்னால் கார் உரிமம் வாங்கினவர்கள் 7.5 டன் வரை ஓட்டலாம், பழைய உரிமத்தின் சலுகை. பிறகு வந்தவர்களுக்கு, என்னைப் போல வெளிநாட்டு உரிமத்தை மாற்றிக்கொண்டவர்களுக்கு, பி மட்டும்தான். 2025-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட புதிய உரிம விதிப்படி, கூடுதல் பயிற்சியோ தேர்வோ முடித்தால் பி உரிமத்திலேயே 4,250 கிலோ மோட்டார்ஹோம் ஓட்டலாம். நல்ல முடிவு, மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒவ்வொரு நாடும் அதைத் தன் சட்டத்தில் ஏற்றிச் செயல்படுத்த வருடக்கணக்கில் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். உரிமம் தளர்ந்தாலும் சுங்கம் தளரவில்லை. அங்கே கோடு இன்னமும் 3,500-ல்தான் நிற்கிறது.

அந்தச் சுங்கத்தைச் சொல்கிறேன். ஆஸ்திரியாவில் 3,500 கிலோ வரை விக்னெட், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு நெடுஞ்சாலையில் ஓட்ட வாங்குகிற கட்டண வில்லை, வாங்கினால் போதும். ஒரு கிலோ கூடினாலும் கோ-பாக்ஸ் என்ற கருவியைக் கண்ணாடியில் மாட்டி, சக்கர அச்சுகளின் எண்ணிக்கையையும் எஞ்சின் மாசு வகுப்பையும் பதிந்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். எந்த எடை என்பதிலும் குழப்பம். பதிவுச் சான்றில் எஃப்.1 என்று ஒரு கட்டம், எஃப்.2 என்று ஒரு கட்டம். முதலாவது வண்டி தொழில்நுட்பரீதியாகத் தாங்கக்கூடிய எடை, இரண்டாவது அந்த நாட்டில் அனுமதித்த எடை. வலுவான அடிச்சட்டத்தை வாங்கிக் காகிதத்தில் 3,500 ஆக இறக்கிப் பதிந்த வண்டிகள் ஏராளம். ஆஸ்திரியா இப்போது எஃப்.1-ஐப் பார்க்கிறது. பழைய வண்டிகளுக்கு இடைக்கால விலக்கு உண்டு, அதற்கும் தனி நிபந்தனைகள். ஆக, ஒரே வண்டி உரிமத்துக்கு இலகுரகம், சுங்கத்துக்குக் கனரகம். விக்னெட் ஒட்டிவிட்டால் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. ப்ரென்னர், டௌவர்ன், ஆர்ல்பெர்க் என்று மலைக்குள் போகிற பகுதிகளுக்குத் தனிக் கட்டணம்.

சுவிட்சர்லாந்தில் 3,500 வரை 40 ஃபிராங்க் விக்னெட். இரண்டு நாள் கடந்து போனாலும் வருடத்துக்கே வாங்க வேண்டும். அதைத் தாண்டினால் கனரக வாகன வரி, நாளைக்கு 3.25 ஃபிராங்க், குறைந்தது 25. அது நெடுஞ்சாலைக்கு மட்டுமல்ல, எல்லாச் சாலைக்கும். உண்மையைச் சொன்னால் எனக்குப் பணத்தின் மேல் கோபமே இல்லை. மலையைக் குடைந்து சாலை போட்டிருக்கிறார்கள், கேட்கிற காசைக் கட்டுகிறேன். ஒரே நாணயம், திறந்த எல்லை என்று பெருமை பேசுகிற கண்டத்தில், ஒரு குடும்பம் தன் வண்டியின் எண்ணைத் தட்டினால் வழியிலுள்ள எல்லா நாட்டுக்கும் சேர்த்து இவ்வளவு என்று சொல்லி, அங்கேயே கட்டவைக்கிற அரசுத் தளம் ஒன்று ஏன் இல்லை?

அது இல்லாத இடத்தில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். ஆஸ்திரியா விக்னெட் என்று தேடிப் பாருங்கள். அரசுத் தளத்தைப் போலவே கொடி, நிறம், எழுத்து எல்லாம் வைத்துக்கொண்டு, சேவைக் கட்டணம் என்று மேலே காசு பிடுங்குகிற தளங்கள் விளம்பரமாக முன்னால் வந்து நிற்கும். ஆஸ்திரியாவுக்கு அந்நாட்டு அரசின் நெடுஞ்சாலை நிறுவனமான அஸ்ஃபினாக்கின் தளம், சுவிட்சர்லாந்துக்கு சுங்கத்துறையின் தளம், இந்த இரண்டைத் தவிர வேறெங்கும் காசு கட்டாதீர்கள்.

சரி, எடையும் சுங்கமும் முடிந்தது என்று வழியைப் பார்த்தால், எப்போது போவது? உயர்ந்த கணவாய்கள் பனி விலகி மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். 2,764 மீட்டர் உயர இசெரானும் அப்படித்தான். செப்டம்பருக்குத் தள்ளலாம் என்றால் பிள்ளைகளுக்குப் பள்ளி. பிரான்ஸையும் இத்தாலியையும் இணைக்கிற மோன் பிளாங்க் சுரங்கப்பாதையையோ 2024, 2025 இரண்டு வருடமும் செப்டம்பர் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் பழுதுபார்க்க மூடினார்கள். ஆக எங்களைப் போன்றவர்களுக்கு ஜூலையும் ஆகஸ்டும்தான். அந்த இரண்டு மாதத்தில்தான் ஊரே கிளம்புகிறது. ப்ரென்னர் சாலையில் லூக் பாலம் நலிந்துபோய், 2025 ஜனவரியிலிருந்து பல நாட்கள் பக்கத்துக்கு ஒரே தடம். நெரிசலுக்குப் பயந்து இறங்கி ஊர்ச்சாலையில் போகலாம் என்றால், இன்ஸ்ப்ரூக் பக்கம் கோடை வார இறுதிகளில் கடந்துபோகிற வண்டிகள் அப்படி இறங்கத் தடை. அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, வாசலைத் தாண்ட முடியாமல் தவித்தவர்கள் அவர்கள். டோலமைட்ஸில் ப்ரையஸ் ஏரிக்கு ஜூலை 10 முதல் செப்டம்பர் 10 வரை பகல் நேரத்தில் முன்பதிவு இல்லாமல் வண்டி போக முடியாது. இதையெல்லாம் ஒவ்வொன்றாக, வெவ்வேறு மொழியில், வெவ்வேறு தளத்தில் தேடிப் பொறுக்க வேண்டியிருக்கிறது. கூகுள் மேப்ஸிலோ வண்டி மூன்று மீட்டர் உயரம், மூன்றரை டன் என்று சொல்லவே இடமில்லை. காருக்குச் சொல்கிற குறுக்குவழியையே இதற்கும் சொல்கிறது.

கேஸ் சிலிண்டரும் அதே கதைதான். ஜெர்மனியின் 11 கிலோ சாம்பல் நிறச் சிலிண்டர் தீர்ந்தால் இத்தாலியிலோ பிரான்ஸிலோ மாற்றித் தர மாட்டார்கள். அந்த நாட்டுச் சிலிண்டரை வாங்கினால் வால்வின் மரை வேறு, அதற்கு ஒரு இணைப்பி வேண்டும். அவசரத்துக்கு ப்யூட்டேன் வாங்கிவிட்டால், இரண்டாயிரம் மீட்டரில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போனதும் அது ஆவியாகாமல் கிடக்கும், ஹீட்டர் அணைந்துவிடும். மலைக்குப் ப்ரோப்பேன்தான். வண்டி தருகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இரவு எங்கே நிறுத்துவது என்பதுதான் கடைசித் தலைவலி. டிரோலில் முகாமுக்கு வெளியே தங்கத் தடை. சுவிட்சர்லாந்தில் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் வேறு. பிரான்ஸில் பல நிறுத்துமிடங்களின் வாசலில் இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு இரும்புத் தடுப்பு. இத்தாலியின் சாலைச் சட்டம் 185-ஆம் பிரிவை மட்டும் பாராட்டுகிறேன். வண்டி தன் சக்கரத்தில் நிற்கட்டும், கழிவைக் கொட்டாதே, தன் அளவுக்கு மேல் இடத்தை அடைக்காதே, அப்படியானால் அது முகாம் அல்ல, வெறும் நிறுத்தம். எவ்வளவு தெளிவு! கழிவுத் தொட்டியை ஓடையில் திறந்துவிடுகிறவர்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அபராதம் போடுங்கள், கைதட்டுகிறேன். ஒழுங்காக நிறுத்தித் தூங்கி, காலையில் கிளம்புகிறவனை ஏன் விரட்டுகிறீர்கள்?

வாடகை நிறுவனத்துக்கு நேற்று எழுத்திலேயே கேட்டுவிட்டேன். மூன்று கேள்வி: தண்ணீரும் டீசலும் நிரப்பி, கேஸோடு இந்த வண்டியை எடை போட்ட சீட்டு எங்கே? பின் அச்சில் எவ்வளவு எடை விழுகிறது? எஃப்.1 கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? பதில் வருகிறவரை முன்பணம் கட்டப்போவதில்லை. நீங்களும் வாடகைக்கு எடுக்கப் போகிறீர்கள் என்றால், உள்ளே எத்தனை கட்டில் என்று கேட்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் ஒருவனாவது வண்டியை எடை மேடையில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.