சிபியு மட்டும் பார்த்தால் போதாது
கூட்டம் கூடினால் சைட்டுக்குத் தானாகவே சர்வர் கூட்டுவது பற்றிய கட்டுரையில், சிபியு (சர்வரின் பிராசஸர்) பயன்பாடு 70 சதவீதம் தாண்டினால் புது சர்வர் சேர்கிற மாதிரி வைத்தாலே போதும் என்று இருக்கிறதே, அது எல்லா சைட்டுக்கும் பொருந்தாது. காரைக்குடியில் எங்கள் பலகாரக் கடை சைட் தீபாவளிக்கு முந்தின வாரம் நகராமல் நின்றபோது சிபியு 30-ஐக்கூடத் தொடவில்லை, ஆர்டரெல்லாம் டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்காகக் காத்துக் கிடந்தன. சரி, நாமே கூட்டுவோம் என்று சர்வர்களைச் சேர்த்தேன், இன்னும் மோசம்! எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ், செட்டிங்கை மாற்றாமல் விட்டால் ஒரே நேரத்தில் தருவது 100 கனெக்‌ஷன்தான், சர்வருக்கு 20 என்று வைத்திருந்தோம், ஆறாவது சர்வர் எழுந்ததும் ஒரே எரர். வளவு முழுக்கப் பந்தி போட்டாலும் அடுப்பு ஒன்றுதானே. அப்புறம் இருக்கிற கனெக்‌ஷன்களையே எல்லா சர்வருக்கும் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை நடுவில் வைத்து, சிபியுவை விட்டுவிட்டு சர்வருக்கு வரும் ரிக்வெஸ்ட் எண்ணிக்கையைப் பார்த்துக் கூட்டும்படி மாற்றினோம், பொங்கல் ஆர்டருக்கு ஒரு தடவைகூட முடங்கவில்லை.