அந்தக் காலத்து விசுவாசம் அப்படியா இருந்தது?
"மூத்த தலைமுறை ஒரே கட்சியோடு வாழ்ந்து முடித்தது, இளையவர்களுக்குத்தான் கட்சிப் பற்று இல்லை" என்று கட்சி விசுவாசம் பற்றிய இந்தக் கட்டுரையில் வருவது எங்கள் காரைக்குடிப் பக்கத்துக்குப் பொருந்தாது. 1996இல் காங்கிரஸ் தலைவர் நரசிம்ம ராவ் அ.தி.மு.க.வோடு கூட்டணி வைத்ததும் மூப்பனார் காங்கிரஸிலிருந்து தனியாகப் போய் த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) தொடங்கினார், சிவகங்கையில் ப. சிதம்பரம் அதன் சைக்கிள் சின்னத்தில் ஜெயித்தார். எங்கள் தெருச் சுவரில் கை சின்னத்தின் மேல் அவசரமாகச் சுண்ணாம்பு அடித்து சைக்கிள் வரைந்தார்கள், அடியில் ஐந்து விரலும் தெரிந்துகொண்டே இருந்தன. அதே சிதம்பரத்தை 1999இல் தோற்கடித்தவர் காங்கிரஸின் சுதர்சன நாச்சியப்பன். 2019இல் சிதம்பரத்தின் மகன் கார்த்திக்கு காங்கிரஸ் சீட் கொடுத்தபோது வெளிப்படையாக எதிர்த்தவரும் அவர்தான். 2001இல் பா.ஜ.க.வின் எச். ராஜா காரைக்குடியில் ஜெயித்தது தி.மு.க. கூட்டணியில் என்றதும் என் அக்கா மகன் நம்பவே இல்லை, போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வாயை மூடினான். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் "இளசுகள் நடுநிலை" என்று எழுதியிருக்கிறார், அதுவும் சரியில்லை. எங்கள் வீட்டுப் பெரியவரான அப்பச்சி தி.மு.க.காரரோடு திண்ணையில் மணிக்கணக்கில் பேசுவார். சொந்தக் கட்சியின் எதிர்க்கோஷ்டி ஆள் தெருவில் வந்தால் துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அந்த அக்கா மகன் தலைகீழ். எந்தக் கட்சி உறுப்பினர் அட்டையும் அவனிடம் கிடையாது, கரைவேட்டியைக் கண்டால் சிரிப்பான், ஆனால் ஒரு குறிப்பிட்ட கட்சியின் பெயரைச் சொன்னால் போதும், எரிந்து விழுவான். பிடித்த கட்சி எது என்று கேட்டால் பதில் வராது, பிடிக்காதது எது என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவான். போன தேர்தலில் ஒரு மீம்ஸுக்காகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டே போனான். அப்புறம் பொங்கலுக்கு அக்காதான் திரும்பச் சேர்த்துவிட்டாள்.