கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காதா?

சோளகம் வீசத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படம் மறுபடி சுற்றுகிறது: 'விழுந்த குஞ்சைத் தொடாதீர்கள், மனித வாசம் பட்டால் தாய் ஒதுக்கிவிடும்.' அது சரியில்லை. தாய்ப்பறவை குஞ்சை வாசத்தால் ஒதுக்குவதில்லை. அதன் குரல் கேட்டே தேடி வரும்.

முதலில் குஞ்சைப் பாருங்கள். இறகு முளைத்துத் தத்தித் திரிகிற புலுனிக் குஞ்சு என்றால் பறக்கப் பழகுகிறது, விட்டுவிடலாம். பூனையை மட்டும் வீட்டுக்குள் அடையுங்கள். வெறுந்தோலோடு கிடந்தால் தூக்கிக் கூட்டிலேயே வையுங்கள். கூடு சிதைந்துபோனதா? அடியில் ஓட்டை போட்ட சின்னப் பனையோலைப் பெட்டியில் காய்ந்த புல் பரப்பி, அதே மரத்தில் கட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நாம் பக்கத்தில் நின்றால் தாய் இறங்காது.

வாயைப் பிளந்து தண்ணீர் விடுவதுதான் பெரிய பிழை. நாக்கின் பின்பக்கத்தை ஒட்டியே மூச்சுக்குழாயின் வாசல் இருக்கிறது. தண்ணீர் நேரே நுரையீரலுக்குள் போய்விடும். பாலும் வேண்டாம், செரிக்காது.

பூனை கவ்விய குஞ்சு வேறு கதை. காயம் தெரியாவிட்டாலும் பூனையின் எச்சிலில் உள்ள கிருமி குஞ்சைக் கொல்லக்கூடும். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், அல்லது வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள்.