லேப்டாப் காலையில் உறைந்து நின்றால் மதர்போர்டு போச்சா?

‘இரவெல்லாம் ஆனில் கிடந்த லேப்டாப் காலையில் உறைந்து நின்றால் மதர்போர்டு வெந்துவிட்டது, தினமும் ஷட் டவுன் செய்தால் இந்தத் தொல்லை வராது’ என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. நம்பிக் கடைக்கு ஓடாதீர்கள்.

சும்மா கிடக்கும் லேப்டாப் அதிகம் சூடாகாது. மீறிச் சூடானாலும் பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், முடியாவிட்டால் தானே அணைந்துவிடும். பெரும்பாலும் சிக்கல், ஸ்லீப்பிலிருந்து சரியாக எழாத கிராபிக்ஸ் டிரைவரிலோ (திரைக் காட்சியை இயக்கும் மென்பொருள்) மெமரியை விடாமல் விழுங்கும் ஆப்பிலோதான்.

அப்புறம் அந்த ஷட் டவுன். விண்டோஸ் 8-இல் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்பும். டாஸ்க் மேனேஜரில் ‘அப் டைம்’ பாருங்கள்: நேற்று அணைத்த லேப்டாப் பல நாளாக ஓடுவதாகக் காட்டும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பிறகும் உறைந்தால், முதலில் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள்.